ஒரு வீட்டை இடித்து ஆறு பிளாட் கட்டினால், பிளானிங் கட்டணம் ஐந்துக்கா ஆறுக்கா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். லண்டன் ஹரோவில் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான தனி வீடு ஒன்று இருக்கிறது. அதை இடித்துவிட்டு, அதே காணியில் ஆறு பிளாட் கொண்ட சிறிய கட்டடம் ஒன்றைக் கட்ட விரும்புகிறீர்கள். வரைபடம் தயாரிப்பவர் ஆறு வீட்டுக்கும் பிளானிங் கட்டணம், அதாவது கட்டுவதற்கு உள்ளூர்க் கவுன்சிலிடம் அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்கான கட்டணம், கட்ட வேண்டும் என்கிறார். உங்கள் மைத்துனரோ தன் வீட்டை நான்கு பிளாட்டாகப் பிரித்தபோது மூன்றுக்கு மட்டுமே கட்டினார். ஏற்கெனவே ஒரு வீடு நிற்கிற இடத்தில் ஐந்துதானே புதிதாகச் சேருகிறது, ஆறாவதற்கு எதற்காகக் கட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் வரைபடக்காரர் சொல்வதும் சரி, உங்கள் மைத்துனர் கட்டியதும் சரி. இருவரும் வெவ்வேறு வகை விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால், கட்டப்போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டணம் உண்டு. இடிக்கப்படும் வீட்டுக்குக் கழிவு கிடையாது. நிற்கிற வீட்டை இடிக்காமல் உள்ளே பிரித்துப் பல வீடாக்கினால், கூடுதலாக வரும் வீடுகளுக்கு மட்டும் கட்டணம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாக விளங்கிவிடும். ஆனால் இந்தக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் வேறு இடங்களில் இதைவிடப் பன்மடங்கு பெரிய தொகையை இழப்பதைத் தொழிலில் பல தடவை பார்த்திருப்பதால், அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் பிளானிங் கட்டணத்தைக் கவுன்சில் தன் விருப்பப்படி வைத்துவிடவில்லை. நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட 2012 ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குவிதிகளும், அவற்றுக்குப் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களுமே அடிப்படை. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனி விதிகள் இருப்பதால், அங்கே வீடு வைத்திருக்கும் உறவினர் சொல்லும் கணக்கை இங்கே பொருத்த வேண்டாம். ஒழுங்குவிதிகள் விண்ணப்பங்களை வகை வகையாகப் பிரிக்கின்றன. அவற்றுள் ஒன்று குடியிருப்பு வீடுகளை எழுப்புவது. அங்கே அளவுகோல், அந்தத் திட்டத்தால் உருவாக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கை. இன்னொன்று ஒரு கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவது. ஒற்றை வீடாக இருந்ததை இரண்டோ அதற்கு மேலோ ஆக்கும்போது, அங்கே அளவுகோல் கூடுதலாக வரும் வீடுகளின் எண்ணிக்கை. ‘கூடுதலாக’ என்ற அந்தச் சொல் முதல் வகையில் இல்லை. உங்கள் ஆறாவது வீட்டின் கட்டணம் அந்தச் சொல் இல்லாததால் வருவதுதான். பிளாட்டும் இந்த விதிகளின் கண்ணில் ஒரு வீடே. ஒரே கூரையின் கீழ் இருப்பதால் ஆறு பிளாட்டை ஒரு கட்டடமாக எண்ணிவிட முடியாது.

2025 ஏப்ரல் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விகிதத்தில், பத்துக்குக் குறைவான வீடுகளுக்கான முழு விண்ணப்பத்துக்கு வீடொன்றுக்கு 588 பவுண். ஆறு பிளாட்டுக்கு 3,528 பவுண். அதே ஆறு பிளாட்டை இருக்கிற வீட்டைப் பிரித்து உருவாக்குவதாக இருந்தால், கூடுதல் ஐந்துக்கு 2,940 பவுண். மைத்துனர் நான்காகப் பிரித்தது இதே விகிதத்தில் என்றால் 1,764 பவுண். இந்தத் தொகைக்கு வாட் வரி கிடையாது. ஆனால் பிளானிங் போர்ட்டல் இணையத்தளம் வழியாக அனுப்பினால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனியாகச் சேரும், அதற்கு வாட் உண்டு. இந்த விகிதங்கள் ஒவ்வோர் ஏப்ரல் 1 ஆம் திகதியும் பணவீக்கத்துக்கு ஏற்ப, பத்து சதவீதத்துக்கு மேற்படாமல், மாற்றி அமைக்கப்படுகின்றன. எனவே நான் இங்கே தரும் தொகைகளைக் கணக்கின் முறையை விளங்கிக்கொள்ளப் பயன்படுத்துங்கள். கட்டும் நாளில் போர்ட்டலில் உள்ள கட்டணக் கணிப்பானில் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகை வளர்ந்த வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடொன்றுக்கு 2008 இல் 335 பவுணாக இருந்தது. 2012 நவம்பரில் 385 ஆகவும், 2018 ஜனவரியில் 462 ஆகவும், 2023 டிசம்பர் 6 ஆம் திகதி 578 ஆகவும் ஏறியது. பத்து வருடத்துக்கு முன் கட்டியவர் நினைவிலிருந்து சொல்லும் தொகை உங்களுக்கு உதவாது.

ஆறா ஐந்தா என்ற குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. அதற்கு விண்ணப்பப் படிவமே ஒரு காரணம். படிவத்தில் குடியிருப்பு அலகுகள் பற்றிய பகுதிக்குப் போனால், இப்போது எத்தனை வீடு, திட்டத்துக்குப் பிறகு எத்தனை வீடு என்று அறை எண்ணிக்கை வாரியாக நிரப்பச் சொல்வார்கள். நிரப்பியதும் கீழே நிகரமாகக் கூடுவது எத்தனை என்று ஒரு தொகை வந்து நிற்கும். உங்கள் விடயத்தில் அங்கே 5 என்று இருக்கும். அந்த 5 வீட்டு வழங்கல் புள்ளிவிவரத்துக்கானது. கட்டணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் படிவத்தை நிரப்பி முடித்துக் கட்டணப் பக்கத்துக்கு வருகிறவர் கடைசியாகப் பார்த்த எண் அதுதான், ஆகவே கை தானாக 5 என்று அடித்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, மூலைக்காணி வீட்டை இடித்து ஐந்து பிளாட் கட்டுவதற்காக, நான்கு வீட்டுக்கான பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு கவுன்சிலில் இருந்து விண்ணப்பம் செல்லுபடியாகவில்லை என்று கடிதம் வந்தது. அதில் குறைந்த கட்டணம் முதலாவது வரியாகவும், அளவுகோல் தவறான ஒரு வரைபடம் இரண்டாவது வரியாகவும் இருந்தன. மீதிப் பணத்தையும் திருத்திய வரைபடத்தையும் அனுப்பிய பிறகே கவுன்சில் முடிவு தருவதற்கான எட்டு வாரக் கணக்கு ஓடத் தொடங்கியது. இழந்தது மொத்தம் ஒரு மாதம். சரியான கட்டணம் வந்து சேராத விண்ணப்பத்தைக் கவுன்சில் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. வங்கியில் கட்டுமானக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு மாதத்தின் விலை 588 பவுணைவிட அதிகம்.

இது நியாயமா என்று கேட்டால், நியாயம் என்றே நான் நினைக்கிறேன். கட்டணம் என்பது நீங்கள் அடையும் இலாபத்துக்கான வரி அன்று. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வேலைக்கான பணம். புதிய கட்டடத்தில் அதிகாரி ஆறு வீட்டின் தரைப்படங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவருக்கான ஓர் அறைப் பிளாட் 50 சதுர மீட்டருக்குக் குறையவில்லையா, மூவருக்கான இரண்டு அறைப் பிளாட் 61 சதுர மீட்டர் இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் வரும் ஜன்னல் எந்தப் பக்கம், குப்பைத் தொட்டிகளும் சைக்கிள்களும் எங்கே வைக்கப்படும், மேல்மாடி ஜன்னல் பக்கத்து வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறதா என்று ஆறுக்கும் பார்க்க வேண்டும். முன்பு அங்கே ஒரு வீடு இருந்தது என்பதால் ஆறாவது பிளாட்டைப் பார்க்கும் வேலை குறைவதில்லை.

இதே காரணத்தால், ஒரு வீட்டை இடித்து அதே இடத்தில் ஒரே வீட்டைக் கட்டினாலும் கட்டணம் பூச்சியம் அன்று, 588 பவுண். பலர் அதை வீட்டுக்காரர் விண்ணப்பம் என்ற வகையில் போட்டு 528 பவுண் கட்டிவிடுகிறார்கள். அந்த வகை, நிற்கிற வீட்டை விரிவாக்குவதற்கும் மாற்றுவதற்கும் உரியது. வீடு முழுதாக இடிபட்டால் அந்த வகை பொருந்தாது. மறுபக்கம், பழைய வீட்டை அப்படியே நிற்க விட்டுப் பின்தோட்டத்தில் இரண்டு வீடு கட்டினால், கட்டணம் அந்த இரண்டுக்கு மட்டுமே, 1,176 பவுண். நிற்கும் வீடு நீங்கள் உருவாக்கும் வீடு அன்று என்பதால் எண்ணிக்கையில் வராது.

எண்ணிக்கை பத்தைத் தொடும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. ஒன்பது வீட்டுக்கு 588 வீதம் 5,292 பவுண். பத்து வீட்டுக்கு, பத்துக்குமே 635 வீதம் 6,350 பவுண். பத்தாவது வீட்டுக்கு மட்டும் கூடிய விகிதம் என்று எண்ண வேண்டாம். ஆனால் பத்து என்ற எண்ணின் உண்மையான பாரம் கட்டணத்தில் இல்லை. பத்து வீட்டிலிருந்து அது பெருந்திட்டம் ஆகிவிடும். முடிவுக்கான காலம் எட்டு வாரத்திலிருந்து பதின்மூன்று வாரமாகும். மலிவு வீட்டுப் பங்களிப்புப் பற்றிய பேச்சும் வழமையாக அங்கேதான் தொடங்கும். உங்கள் ஆறு பிளாட்டுக்கு இவை பொருந்தா, ஆகவே இதோடு விடுகிறேன்.

அப்படியானால் இடிக்காமல் பிரித்துவிட்டால் 588 பவுண் மிச்சம்தானே என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் வாட் வரியைப் பார்க்க வேண்டும். பழைய வீட்டை நிலமட்டம் வரை இடித்துப் புதிய குடியிருப்புக் கட்டடம் எழுப்பினால், கட்டுமான வேலைக்கு வாட் பூச்சிய வீதம். இருக்கிற வீட்டைப் பிரித்து வீடுகளின் எண்ணிக்கையை மாற்றும் வேலைக்கு வாட் 5 சதவீதம். நான்கு லட்சம் பவுண் வேலையில் 5 சதவீதம் 20,000 பவுண். 588 பவுணை மிச்சம் பிடிக்க 20,000 பவுணைக் கொடுப்பது கணக்காகாது. முன்சுவர் ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை இடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அந்தச் சுவரை நிறுத்த வேண்டும் என்று பிளானிங் அனுமதியே நிபந்தனை விதித்திருந்தால்தான், மூலைக்காணியாயின் இரண்டு முகப்புச் சுவர்கள் வரை, பூச்சிய வீதம் கிடைக்கும். அழகுக்காக நீங்களாக விட்டுவைத்த சுவர் அந்தச் சலுகையைக் கெடுத்துவிடும். பிரிப்பதா இடிப்பதா என்பதை வீட்டின் அத்திவாரம், கூரை உயரம், தெருவின் தோற்றம், கவுன்சிலின் கொள்கை ஆகியவை தீர்மானிக்கட்டும். பிளானிங் கட்டணம் தீர்மானிக்க வேண்டாம்.

சிலர் உங்களுக்கு இன்னொரு யோசனை சொல்லியிருக்கக்கூடும்: முதலில் விவரங்களைப் பின்னால் விட்டுத் திட்டத்தின் உருவரைக்கு மட்டும் அனுமதி கேட்கும் அவுட்லைன் விண்ணப்பம் போடு, அது காணியின் அளவுக்குத்தான், வீட்டின் எண்ணிக்கைக்கு இல்லை என்று. அது பாதி உண்மை. அவுட்லைன் விண்ணப்பத்துக்குச் சிறிய காணிகளில் 0.1 ஹெக்டயருக்கு 588 பவுண். 0.1 ஹெக்டயர் என்பது 1,000 சதுர மீட்டர். யாழ்ப்பாணக் கணக்கில் ஏறத்தாழ நாலு பரப்பு. உங்கள் காணி 800 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரே 588 பவுணில் முடியும். 1,200 சதுர மீட்டர் என்றால் அது மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டு 0.2 ஆக எண்ணப்படும், 1,176 பவுண். இருப்பிட வரைபடத்தில் நீங்கள் இழுக்கும் சிவப்புக் கோட்டுக்குள் இருப்பதுதான் கணக்கு. ஆனால் பரப்பைக் குறைப்பதற்காகக் கோட்டைச் சுருக்கி, வீதிக்குப் போகும் வழியை வெளியே விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

பாதி உண்மை என்று சொன்னதற்குக் காரணம், அவுட்லைன் அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கட்ட முடியாது. அதற்குப் பிறகு தோற்றம், உயரம், அமைவு முதலிய விவரங்களுக்கு அங்கீகாரம் கேட்கும் விண்ணப்பம் போட வேண்டும். அங்கே வீட்டின் எண்ணிக்கைக் கணக்கு திரும்பி வரும், 3,528 பவுண். ஆக மொத்தம் 4,116. கொள்கையளவு அனுமதி என்ற வழியும் அப்படித்தான்: 0.1 ஹெக்டயருக்கு 512 பவுண் கட்டி, ஒன்பது வீடு வரையான சிறு திட்டத்துக்கு, அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் ஐந்து வாரத்தில் விடை கேட்கலாம். பிறகு தொழில்நுட்ப விவரங்களுக்கான ஒப்புதலுக்கு முழுக் கட்டணம். இந்த இரு வழிகளும் பணம் மிச்சம் பிடிப்பதற்கல்ல. அனுமதி கிடைக்குமா என்று தெரியாத காணியில் முழு வரைபடச் செலவைச் செய்யுமுன் சோதித்துப் பார்ப்பதற்கு. வீட்டை இடித்துப் பிளாட் கட்டும் வழக்கம் ஏற்கெனவே நிலைத்துவிட்ட தெருவாக இருந்தால் நேராக முழு விண்ணப்பத்துக்குப் போங்கள். ஐந்து பிளாட்டா ஆறு பிளாட்டா என்று உங்களுக்கே தயக்கம் இருந்தால், ஒரே விண்ணப்பதாரர் ஒரே காணிக்கு ஒரே நாளில் இரண்டு மாற்றுத் திட்டங்களை அனுப்பும் வழி இருக்கிறது: கூடிய கட்டணம் முழுதாகவும் மற்றது பாதியாகவும் கட்டலாம். அதாவது 3,528 உடன் 2,940 இன் பாதி 1,470 சேர்ந்து 4,998 பவுண். தனித்தனி நாளில் அனுப்பினால் 6,468.

இனி, இந்தப் பதிலில் நீங்கள் மிகக் கவனமாக வாசிக்க வேண்டியதாக நான் கருதும் பகுதி. உங்கள் கேள்வியின் இறுதியில், வீடு வெறுமையாக இருப்பதால் இப்போதே இடித்துத் தரையைத் துப்புரவாக்கிவிடலாமா, அப்படியானால் இடிக்கும் வீடு பற்றிய தகராறே இராதல்லவா என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பிளானிங் கட்டணத்தில் பழைய வீட்டுக்குக் கழிவு இல்லை என்றேன். ஆனால் சமூக உட்கட்டமைப்பு வரியில், தொழிலில் உள்ளவர்கள் ‘சில்’ (CIL) என்று அழைக்கும் அந்த வரியில், பழைய வீட்டுக்குக் கழிவு உண்டு. அந்த வரி வீட்டின் எண்ணிக்கைக்கு அன்று, தரைப்பரப்பின் சதுர மீட்டருக்கு விதிக்கப்படுவது. பழைய கட்டடத்தின் பரப்பைப் புதியதிலிருந்து கழிக்க இரண்டு நிபந்தனைகள்: அனுமதி கட்டுமானத்துக்கு முதன்முதலாக இடங்கொடுக்கும் நாளில் அந்தக் கட்டடம் காணியில் நிற்க வேண்டும், அந்த நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் தொடர்ச்சியாக ஆறு மாதமாவது அது சட்டப்படியான பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அனுமதிக்கு முன் இடித்துவிட்டால் முதல் நிபந்தனை போய்விடும். ஆண்டுக் கணக்கில் பூட்டிக் கிடந்தால் இரண்டாவது போய்விடும்.

இதைத் தொகையில் பாருங்கள். லண்டன் மேயரின் உட்கட்டமைப்பு வரி 2019 ஏப்ரல் முதல் மூன்று பட்டைகளாக, சதுர மீட்டருக்கு 80, 60, 25 பவுண் என்று விதிக்கப்படுகிறது. ஹரோ 60 பவுண் பட்டையில் இருக்கிறது. இவை அடிப்படை விகிதங்கள், ஆண்டுதோறும் விலைச்சுட்டெண்ணுக்கு ஏற்ப ஏறும். பழைய வீடு 140 சதுர மீட்டர், புதிய கட்டடம் 520 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீடு நின்றால் 380 சதுர மீட்டருக்கு 22,800 பவுண். இடித்துவிட்டிருந்தால் 520க்கும் 31,200 பவுண். அவசரப்பட்டு இடித்ததற்கான விலை 8,400 பவுண், அதுவும் மேயரின் வரியில் மட்டும், சுட்டெண் ஏற்றம் சேர்க்காமல். உங்கள் பகுதிக் கவுன்சிலின் சொந்த உட்கட்டமைப்பு வரியும் இதன் மேல் தனியாக வரும், அங்கேயும் இதே கழிவு போய்விடும். ஐந்தா ஆறா என்று நாம் பேசிக்கொண்டிருந்த 588 பவுணை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே இன்று செய்யக்கூடிய வேலை, வீட்டில் யார் எப்போது குடியிருந்தார்கள் என்பதற்கான ஆதாரங்களை ஒரு கோப்பில் சேர்ப்பது: கவுன்சில் வரிப் பட்டியல்கள், வாடகை ஒப்பந்தம், மின்சார, எரிவாயுக் கணக்குகள், திகதியிட்ட படங்கள். மூன்று ஆண்டு என்பது விண்ணப்பிக்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அனுமதி செயற்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. மேன்முறையீடு போன்றவற்றில் ஓர் ஆண்டு கழிந்துவிட்டால், ஆரம்பத்தில் போதுமாக இருந்த ஆதாரம் போதாமல் போகலாம். வீடு வெறுமையாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதென்றால், அனுமதி வரும் வரையில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் யாரையாவது முறையாகக் குடியமர்த்துவதைப் பற்றி யோசியுங்கள். அனுமதி கிடைத்த பிறகும், இடிப்பதே வேலை தொடங்கியதாகக் கருதப்படும் என்பதை மறக்க வேண்டாம். வரிப் பொறுப்பை ஏற்கும் படிவமும் வேலை தொடங்கும் அறிவித்தலும், முதலாவது செங்கல் கழற்றப்படுமுன் கவுன்சிலிடம் போய்ச் சேர வேண்டும். தொடங்கும் அறிவித்தல் இல்லாமல் இடித்தால், வரித்தொகையின் 20 சதவீதம் அல்லது 2,500 பவுண், இரண்டில் குறைந்தது, மேலதிகமாக விதிக்கப்படலாம். தவணையில் கட்டும் வசதியும் போய்விடும்.

இடிப்பதற்கென்றே தனியான பிளானிங் கட்டணம் ஒன்றும் இருக்கிறது. மறுகட்டுமானத் திட்டம் இல்லாமல் இடிப்பை மட்டும் தனியே செய்ய முன் ஒப்புதல் கேட்டால் 240 பவுண். உங்கள் முழு விண்ணப்பத்தின் விவரணத்திலேயே, இருக்கும் வீட்டை இடித்து ஆறு பிளாட் கட்டுதல் என்று எழுதிவிட்டால் அது தேவையில்லை. கட்டட ஒழுங்குகளுக்காக, 1984 கட்டடச் சட்டத்தின் 80 ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலுக்குக் கொடுக்கும் இடிப்பு அறிவித்தல் வேறு. அதை ஒப்பந்தக்காரர் கொடுத்துவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கட்டிய பணம் திரும்பி வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். விண்ணப்பம் செல்லுபடியான பிறகு நீங்களே மீளப் பெற்றுக்கொண்டாலும், கவுன்சில் மறுத்தாலும், பணம் வராது. முன்பு மறுக்கப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் ஒரு தடவை இலவசமாகத் திரும்ப விண்ணப்பிக்கும் வசதி இருந்தது. 2023 டிசம்பர் 6 உடன் அது எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் மைத்துனர் இரண்டாம் தடவை இலவசமாகப் போட்டதாகச் சொன்னால் அது அந்தக் காலத்துக் கதை. இப்போது திருத்திய வரைபடத்துடன் திரும்பப் போனால் இன்னொரு 3,528 பவுண். அதனால்தான், ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென விலை வைத்து நடத்தும் முன்னாலோசனைச் சேவைக்கு முதலில் பணம் கொடுப்பது இப்போது முன்பைவிடப் பெறுமதியானது என்று நினைக்கிறேன். கவுன்சிலின் முடிவுக்கு எதிரான மேன்முறையீடுகளைக் கேட்கும் அரச அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்ரரேற்றுக்கு மேன்முறையீடு செய்யக் கட்டணம் இல்லை, ஆறு மாத அவகாசம் உண்டு. கவுன்சில் பதினாறு வாரத்துக்குள் முடிவே தராமல் விட்டால், சிறு திட்டத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்; ஆனால் கால நீடிப்புக்கு நீங்கள் எழுத்தில் சம்மதித்திருந்தால் அந்த உரிமை தள்ளிப் போகும். அதிகாரி கால நீடிப்புக் கேட்டு அனுப்பும் மின்னஞ்சலுக்கு வரைபடக்காரர் உங்களைக் கேளாமல் சரி என்று பதில் போட்டுவிடுவது வழமை. சம்மதிப்பது பெரும்பாலும் நல்லதுதான், மறுத்தால் விண்ணப்பமே மறுக்கப்படலாம். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

அனுமதிக்குப் பிந்திய கட்டணங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு ஒப்புதல் கேட்க 298 பவுண். இது ஒரு நிபந்தனைக்கு அன்று, ஒரு விண்ணப்பத்துக்கு. செங்கல் மாதிரி, வடிகால், மரப் பாதுகாப்பு, சைக்கிள் கொட்டகை என நான்கு நிபந்தனைகளுக்கான விவரங்களையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினால் 298 மட்டுமே. தயாராகத் தயாராக ஒவ்வொன்றாக அனுப்பினால் 1,192. இரண்டாவது, எண்ணிக்கையை மாற்றுவது. அனுமதியின் நிபந்தனையைத் திருத்தும், பிளானிங் சட்டத்தின் 73 ஆம் பிரிவு விண்ணப்பம் இப்படியான திட்டத்துக்கு 586 பவுண். அதைக் கொண்டு ஆறு பிளாட்டை ஏழாக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அனுமதியின் விவரணத்தில் ஆறு என்று எழுதப்பட்டிருந்தால் அந்தப் பிரிவின் கீழ் அதை மாற்ற முடியாது என்பது 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பால் உறுதியானது. ஏழுக்குப் புதிய முழு விண்ணப்பம், 4,116 பவுண், முதலில் கட்டிய 3,528 இல் ஒரு பவுணும் கழிக்கப்படாது. கூரைக்குள் ஏழாவது பிளாட்டுக்கு இடமிருக்கிறதா என்று ஆராய்வதானால், முதல் விண்ணப்பம் போகுமுன் ஆராய்ந்து முடியுங்கள்.

உங்கள் வரைபடக்காரரிடம் இப்போது கேட்க வேண்டியவை: கட்டணப் பக்கத்தில் ஆறு என்று இட்டாரா, விவரண வரியில் இடிப்பும் சேர்ந்திருக்கிறதா, உட்கட்டமைப்பு வரிக்கான தகவற் படிவத்தில் பழைய வீட்டின் உள்தரைப் பரப்பை அளந்து எழுதினாரா அல்லது விற்பனை விளம்பரத்திலிருந்து எடுத்தாரா. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மாடிப்படியின் கீழும் இணைந்த வாகனக் கொட்டகையிலும் அளக்காமல் விடுபடும் பத்துச் சதுர மீட்டர், மேயரின் வரியில் மட்டும் 600 பவுண். நீங்கள் கேள்வி கேட்ட அந்த ஆறாவது வீட்டின் கட்டணத்தைவிட அது பெரியது.